மணிக்காரர் கடைசியாகச் சொன்ன பெயர்

"போட்டியிடுபவர் எவரேனும் வாக்குப்பதிவு தொடங்குமுன் இறந்துவிட்டால், தேர்தல் அதிகாரி அந்த இறப்பைத் தக்க ஆதாரத்துடன் உறுதி செய்துகொண்டு, தேர்தலை நிறுத்தி வைத்து, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்."

காஞ்சிபுரத்தில் நான் தேர்தல் நடத்திய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளில், தேர்தல் பகுதியில் கடைசிக்கு முந்தைய விதி இது. நல்ல விதி. இறந்தவர் விஷயத்தில் என்ன செய்வது என்று சொல்கிறது. இறக்காதவர் விஷயத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது தானாகவே விளங்குகிறது. இறந்துவிட்டதாக நான்கு தெருவுக்குத் தெரிவிக்கப்பட்டு, அதே நேரத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை. அப்படி ஒரு நிலைமை வரும் என்று விதி எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். அவர் மணிக்காரரைப் பார்த்ததில்லை.

மணிக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை எழுதினேன், மூன்று நகல்களில். அது போதும்.

உயரமானவர். மெலிந்த உடம்பு. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் மகள் வீட்டில் இருந்தார். வலது கையில் பள்ளிக்கூடத்து மணி போல ஒரு பித்தளைக் கைமணி, இடது கையில் தானே பற்றவைத்துச் செய்துகொண்ட தகரக் குழல். சினிமா மாறினாலும், குழாயில் தண்ணீர் வராதென்றாலும், கூட்டுறவுக் கடைக்குச் சர்க்கரை வந்தாலும் அவர்தான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதையும் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் சொல்வார். சொல்லி முடித்ததும் "என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்வார்.

"இந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடாமல் ஒருவரும் வெளியே வர முடியாது, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்."

தியேட்டர் மேனேஜர் ஒரு நாள் அவரை டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, அந்த வாலை வெட்டிடேன். கேக்கறவன் சிரிக்கிறான்."

"நான் படம் பாக்கலியே சார்."

"பாஸ் தரேன். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். மறுநாள் சொன்னார்: "கண்ணீர் விடாமல் ஒருவரும் வெளியே வர முடியாது, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வந்துவிட்டேன்."

எங்கள் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் இருந்த எவரையும் விட அவர் ஒழுங்காகக் கோப்பு வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த தாள்களையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். என்றைக்கு, யார் கொடுத்தது என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார். எங்களிடம் கேட்டால் அலமாரிச் சாவி யாரிடம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு வகை அறிவிப்புக்கு அந்த வால் கிடையாது. தாளும் கிடையாது. அது சாவு.

நெசவுத் தெருவில் ஒரு சாவு என்றால் பிணம் எடுக்கும் வரை அந்தத் தெருவில் தறி ஆடாது. முக்கியமானவர் என்றால் சுற்றுத் தெருக்களிலும் ஆடாது. ஊடுநூல் ஓட்டும் நாடாவை நெய்த புடவை மேல் வைத்துவிட்டு, குழிக்குள்ளிருந்து காலை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். உயிரோடிருக்கும் நெசவாளியின் காலைப் பகலில் பார்ப்பது அரிது, அது தறிக்குழிக்குள் இருக்கும். தெருவில் சாவு விழுந்தால்தான் எல்லாருடைய காலும் வெளியே வரும்.

ஆனால் தறி ஓடும்போது குழல் பேச்சு உள்ளே போகாது. மணி போகும். ஆகவே ஊரில் ஒரு ஏற்பாடு இருந்தது. யார் செய்தது என்று தெரியாது. எந்தத் துணைவிதியிலும் இல்லை. ஆனால் ஒருவரும் மீறியதில்லை. மணி அடித்துக்கொண்டு வந்தால் அது ஊர்ச் சமாசாரம், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. மணி இல்லாமல் வந்து ஒரு பெயரை மட்டும் நிதானமாக மூன்று தடவை சொன்னால், அந்தப் பெயருக்குரியவர் இல்லை. வாசலில் இருக்கும் பெண்கள் கேட்டு உள்ளே சொல்வார்கள். தெரு முனையிலிருந்து ஒவ்வொரு தறியாக நிற்கும்.

பிறர் சொன்னதைக் கேட்டு அவர் சாவு சொன்னதில்லை. அந்த வீட்டுக்குப் போய், உள்ளே கிடத்தியிருப்பவரின் காலடியில் ஒரு நிமிடம் நிற்பார். பிறகுதான் புறப்படுவார். அது எதற்கு என்று ஒரு முறை கேட்டேன்.

"காலைப் பாத்தா தெரிஞ்சிடும் சார். மூஞ்சி ஏமாத்தும்."

அவர் பேசும்போது எதிரே இருப்பவரின் காலைத்தான் பார்ப்பார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டேன். படித்தவன்தான். ஆனாலும் இழுத்துக்கொண்டேன்.

தேர்தலுக்கு வருகிறேன். அந்த நாட்களில் டீக்கடைப் பத்திரிகையில் அமெரிக்கா பிரசிடெண்டு தேர்தல், டெல்லி பிரசிடெண்டு தேர்தல் என்றெல்லாம் வரும். எங்கள் தெருக்களில் பிரசிடெண்டு என்றால் சங்கத் தலைவர்தான். யாருக்கு எப்போது பட்டு நூல் கிடைக்கும் என்பது அவர் பேனாவில் இருந்தது. அமெரிக்காக்காரர் கையில் அணுகுண்டுதான் இருந்தது.

பிரசிடெண்டு தேர்தலில் முதல் பதினைந்து நாள் பிரசாரத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கடைசி மூன்று நாளில் ஒன்று வரும் என்று காத்திருப்பார்கள். அது வராமல் இருந்ததில்லை. ஒரு தேர்தலில், ஊர்வலத்துக்கு எதிரே ஐயம்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நின்று, மாலை போட்டிருந்தவரை "வீட்டுக்கு எப்ப வரீங்க?" என்று மட்டும் கேட்டார். மாலை போட்டிருந்தவருக்கு உள்ளூரில் வேறு வீடு இருந்தது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு தேர்தலில், வேட்பாளர் மகளின் கல்யாணப் புடவைச் சரிகையை நடுத்தெருவில் உரசிக் காட்டினார்கள். உள்ளே வெள்ளி இல்லை, செம்புகூட இல்லை. இவை எல்லாவற்றையும் இரு பக்கத்துக்கும் குழலில் சொன்னவர் மணிக்காரர்தான். "எதிரணியின் சரிகை போலி, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்." அந்த வால் இருந்ததால்தான் அவரை இரண்டு பக்கமும் நம்பியது.

நான் தேர்தல் அதிகாரியாக இருந்த அந்த வருடம், இரண்டு முறை தலைவராக இருந்தவர் மூன்றாம் முறை நின்றார். பழைய தலைவர் என்றே அவரைச் சொல்கிறேன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. எதிரே நின்றவர் வயதில் இளையவர், ஒல்லியானவர், எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிறவர். என் போன்றவர்களுக்குப் பழைய தலைவர்களைப் பிடிக்கும், மனு எழுதுகிறவர்களைப் பார்த்தால் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை நண்பகல் நான், எங்கள் அலுவலகமும் இருந்த சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் வாக்குச்சீட்டுகளில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் நெசவுத் தெரு. நாள் முழுதும் தறிச் சத்தம் இருந்ததால் எனக்கு அது சத்தமாகவே படுவதில்லை. அன்று என் பேனா தாளில் உராயும் ஓசை கேட்டது. அதன் பிறகுதான், வேறு எதுவும் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

கடைசித் தறி ஒன்று கொஞ்சம் தாமதமாக நின்றது. பியூன் உள்ளே வந்தார்.

"சார், பிரசிடெண்டு போயிட்டாராம்."

"எந்த பிரசிடெண்டு?"

"நம்ம பிரசிடெண்டுதான் சார். மணிக்காரர் சொல்லிக்கினு போறாரு. மணி இல்ல."

மனிதன் என்றால் முதலில் வருத்தப்பட வேண்டும். நான் துணைவிதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

தெருவில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாருடைய காலும் வெளியே. தெருக்கோடியில் பழைய தலைவரின் பிரசார ஜீப்பைப் பார்த்தேன். முன்னால் மணிக்காரர் நடந்துகொண்டிருந்தார், குழல் வாயில், முதுகு எனக்கு. பின்னால் ஜீப் மெதுவாக ஊர்ந்தது. டிரைவரைத் தவிர அதில் யாரும் இல்லை. வேட்பாளர் நிற்கும் இடத்தில் கம்பியில் ஒரு மாலை மட்டும் தொங்கி ஆடிக்கொண்டு போனது.

பழைய தலைவர் வீட்டு வாசலில் கூட்டம். பந்தல்காரர் மூங்கிலோடு வந்து சேர்ந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் கையில் மாலை. உள்ளே கூடத்தில் தலைவர் இலையின் முன் உட்கார்ந்திருந்தார். வெயில் தாங்கவில்லை என்று அரைமணி முன்னால்தான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். என்னையும் என் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார்.

"இன்னா சார், சர்டிபிகேட் குடுக்க வந்தீங்களா?"

"உயிரோட இருக்கறதுக்கு விதியில சர்டிபிகேட் இல்லீங்க."

சிரித்தார். வாசலுக்கு வந்து கூட்டத்துக்குத் தன்னைக் காட்டினார். கூட்டம் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கலைந்தது. ஆனால் மாலை கொண்டுவந்தவர்கள் ஒருவரும் மாலையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. படியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"எடுத்துக்கினு போங்கப்பா, நான் இன்னும் இருக்கேன்" என்றார் தலைவர்.

பக்கத்து வீட்டு நெசவாளி ஒருவர், தலைவரைவிட மூத்தவர், மெதுவாகச் சொன்னார்: "சாவுக்குக் கொண்டாந்த மாலையைத் திரும்ப வூட்டுக்கு எடுத்துக்கினு போறது இல்லப்பா. உனக்குத் தெரியாததா?"

தலைவர் ஒரு கணம் படியைப் பார்த்தார். பிறகு குனிந்து மேலே கிடந்த மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை போடவேண்டியது. முன்னாடியே வந்துடுச்சு. அவ்வளவுதான்."

உள்ளே அவர் மனைவி தட்டை நழுவவிட்ட சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை விடியும்போதே சுவரெல்லாம் நோட்டீஸ்: எமனைத் திருப்பி அனுப்பியவருக்கே உங்கள் வாக்கு. பழைய தலைவரின் ஆட்கள் அச்சகத்தை இரவோடு இரவாகத் திறக்க வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு எதிரணிக்காரரின் மனு என் மேசைக்கு வந்தது. அனுதாப வாக்குக்காகத் தலைவரே தன் சாவைச் சொல்ல வைத்தார், மணிக்காரர் அதற்கு உடந்தை, விசாரிக்காவிட்டால் நீதிமன்றம் போவேன். ஒன்பதரைக்குத் தலைவரின் ஆட்கள் வந்தார்கள். எதிரணிதான் மணிக்காரரை வைத்துச் சூனியம் போல இதைச் செய்தது, விசாரிக்காவிட்டால் நாங்களே விசாரித்துக்கொள்வோம். விசாரித்துக்கொள்வது என்றால் என்ன என்று அவர்கள் கையில் இருந்த உருட்டுக்கட்டை சொன்னது.

பத்து மணிக்கு மணிக்காரரை வரவழைத்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மணியையும் குழலையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து ஏன் மணி இல்லாமப் போனீங்க?"

"மணி இருந்துச்சு சார். அடிச்சேன்."

"யாருக்கும் கேக்கலியே."

"எனக்கும் கேக்கல."

ஜீப் டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் பழைய தலைவரின் ஆள், பொய் சொல்ல வேண்டுமானால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். "பின்னாடியேதான் வந்துக்கினு இருந்தேன் சார். கை மேலயும் கீழயும் போவுது. சத்தம் இல்ல. நான் என் காதுலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"தறிச் சத்தத்துல அமுங்கியிருக்கும்."

"தறிக்குள்ள ஒரு இழை அறுந்தா கேக்கற தெரு சார் அது" என்றார் டிரைவர்.

மணியை வாங்கினேன். ஆட்டினேன். அறை முழுக்க ஒலித்தது. பக்கத்து அறையில் எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

"இப்ப அடிக்குதே."

"இப்ப அடிக்குது சார். நேத்து அடிக்கல."

"மணி அடிக்கலைன்னு தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாமே. எதுக்கு மூணு தடவை பேரைச் சொன்னீங்க?"

"அவங்க குடுத்த பிரசாரத் தாளுல பேருதான் சார் மொதல்ல எழுதியிருந்துச்சு. பேரைச் சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். அதே எடத்துல நின்னுடுச்சு. மூணாவது தடவையும் அப்பிடித்தான்."

"நீங்க போய்ப் பாக்காம சாவு சொல்ற ஆள் இல்லையே."

"பாத்தேன் சார்."

"எதை?"

"காலையில ஜீப்புல ஏறி நின்னு எல்லாரையும் கும்பிட்டாரு. நான் கீழ நின்னுக்கினு தாளை வாங்கினேன். கால் என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு."

அதை நான் வாக்குமூலத்தில் எழுதவில்லை. "மணி பரிசோதிக்கப்பட்டது, ஒலிக்கிறது" என்று எழுதினேன். இரண்டு பக்கமும் வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அமைதியாக முடிய வேண்டும், என் பக்கம் தாள் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஆகவே ஓர் ஆணை எழுதினேன். மேலிடத்திலிருந்து உரிய விளக்கம் பெறப்படும் வரை மேற்படியார் சங்க உறுப்பினர்கள் வசிக்கும் தெருக்களில் எவ்வித அறிவிப்பும் செய்யலாகாது. சான்றுப் பொருளான மணி அலுவலகப் பொறுப்பில் இருக்கும். அப்படி ஆணையிட எனக்கு அதிகாரம் உண்டா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது. சந்தேகம் இருந்தால் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது நடைமுறை. எழுதினேன்.

அவருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். உதடு அசையப் படித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை.

"எழுதிக் குடுத்துட்டீங்க. சரி சார்." மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பதில் எப்ப வரும்?"

"ஒரு மாசத்துல வந்துடும்."

அவர் தகரக் குழலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மணியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு விதிப்படி நடந்தது. பழைய தலைவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வாங்கி வென்றார். நான் முடிவை அறிவித்தேன், அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை சில்லென்றிருந்தது. வெயிலில் இளநீர் குடித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை, பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வாக்குப்பதிவு தொடங்குமுன் அவர் இறக்கவில்லை. முடிவு அறிவிக்கப்பட்ட பிறகே இறந்தார். துணைவிதிகளுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் இறந்தவர் என்று அவரை நான் சொல்ல வேண்டும்.

எட்டு மணிக்கு அவர் மகன் ஓடி வந்தார்.

"சார், அப்பா போயிட்டாரு. தெருவுல சொன்னா ஒருத்தரும் நம்பலை. வெள்ளிக்கிழமை மாதிரிதானேன்றாங்க. தறி ஆடிக்கினே இருக்குது சார். பொணத்தை உள்ள வெச்சுக்கினு எங்கம்மா தறிச் சத்தம் கேட்டுக்கினு உக்காந்திருக்குது. மணிக்காரரைச் சொல்லச் சொல்லுங்க."

"மேலிடத்துக்கு எழுதியாச்சுப்பா. பதில் வராம ஆணையை நானே ரத்து செய்ய முடியாது."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அன்றைக்கு அதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மகன் நேரே மணிக்காரர் வீட்டுக்கே போய்விட்டார். சட்டமும் வேண்டாம், ஆணையும் வேண்டாம், வந்து ஒரு தடவை சொல்லுங்கள் என்று காலில் விழுந்திருக்கிறார். மணிக்காரர் அவரைத் தூக்கி நிறுத்தி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னாராம்:

"எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி, சொல்லக் கூடாதுன்னு. எழுதலைன்னாலும் சொல்ல மாட்டேன். உங்கப்பாவுக்கு நான் சொல்லிட்டேன். ஒருத்தருக்கு ரெண்டு தடவை சொல்ற வழக்கம் இல்ல."

அந்தச் சவ ஊர்வலத்தில் நான் போனேன். நெசவுத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்து நாலு வீடு தவிர ஒரு தறியும் நிற்கவில்லை. வெளியே வந்து பார்த்தவர்கள் திகைத்து நின்றார்கள், ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு யார் சொல்வது? இரண்டு பக்கமும் தறிகள் ஓட, நடுவில் தலைவர் போனார். பறைச் சத்தம் அதில் அமுங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை உயிரோடு இருந்தபோது நின்ற தறிகள். அந்த வீட்டார் பிறகு நெடுநாள் அந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுதேர்தலில் மனு எழுதுகிறவர் தலைவரானார். அதுபற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மனு எழுதுகிறவர்கள் தலைவரானால் மனு எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து மணிக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். முதல் செவ்வாய்க்கிழமை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பதில் வந்துச்சா சார்?"

"வரலை."

"சரி சார்."

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய். அதே கேள்வி, அதே பெஞ்சு. நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டு. மூன்றாம் நினைவூட்டு. எனக்கு மாற்றல் வந்தது. நான்கு வருடம் வேறு ஊர்களில் இருந்துவிட்டு, பதவி உயர்வோடு அதே அலுவலகத்துக்குத் திரும்பி வந்தேன். கோப்பு அதே அலமாரியில், மணி அதன் பக்கத்தில். நான் பொறுப்பேற்ற மாதத்தின் முதல் செவ்வாயன்று அவர் அதே பெஞ்சில் இருந்தார். நடுவில் வந்த அதிகாரிகளிடமும் ஒரு மாதம் தவறாமல் கேட்டிருக்கிறார். குரல் மட்டும் மாறியிருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்டது.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். சொல்லக் கூடாதுன்னு இருக்குதே. எதுக்கு சத்தமாப் பேசணும்?"

மகள் வைத்திருந்த இட்லிக் கடையில் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை. பார்சல் தயாராகிவிட்டால் வாங்க வந்தவரை உரக்கக் கூப்பிட மாட்டாராம். பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாராம். மகள் ஒரு நாள் என்னிடமே வந்து கேட்டாள்: "சார், யாரு கேக்கப் போறாங்க? அந்தத் தாளைக் கிழிச்சுடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேப்பாரு."

"வாயால சொன்னாக் கேக்க மாட்டார்மா."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு வரி. மேலிடத்துக்குப் போன விஷயத்தில் கீழே இருப்பவர் கை வைக்கக் கூடாது என்பது நடைமுறை. "பாக்கலாம்மா" என்றேன். அரசாங்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவர் அலுவலகத்துக்கு வரும் நாளில் நான் மேசைக்கு அடியில் காலை இழுத்துக்கொள்வதை நிறுத்தவே இல்லை. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த மாதம் வரை தைரியமாக இருக்கலாம்.

ஒரு செவ்வாயன்று வந்தார். கேள்வி கேட்கவில்லை. உட்கார்ந்து வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என் காலை அல்ல என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தன் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் பதில் வந்துடும் சார்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"வந்துடும் சார்." செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "வந்தா மணியை எடுத்து வெய்ங்க. நானே வரேன்."

அடுத்த வாரம் தபாலில் வந்தது. பழுப்பு உறை. இரண்டே பத்தி. "பார்வையில் கண்ட கடிதத்தின் மீது தெரிவிக்கப்படுவதாவது: அத்தகைய தடையாணை பிறப்பிக்கத் தேர்தல் அதிகாரிக்கு அதிகாரம் ஏதுமில்லை. ஆணை தொடக்கம் முதலே செல்லாதது. சான்றுப் பொருளை உரியவரிடம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்று அனுப்பவும்."

தொடக்கம் முதலே. இரண்டு தடவை படித்தேன். அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து அவர் வாயைத் திறந்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது.

பியூனை இட்லிக் கடைக்கு அனுப்பினேன். அலமாரியைத் திறந்து மணியை எடுத்தேன். தூசி. துடைத்துவிட்டு ஆட்டிப் பார்த்தேன். நாக்கு இரண்டு பக்கமும் போய்ப் பித்தளையில் படுவது கைக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி ஆட்டினேன். பக்கத்து அறையில் எழுத்தர் தலை நிமிரவில்லை.

என் மூச்சு எனக்கே கேட்டது. மணியைக் கீழே வைத்தேன். சுவருக்குப் பின்னால் நெசவுத் தெருவில் தறிகள் நின்றுகொண்டிருந்தன. தெருக்கோடியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக. சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் குழியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"யாருக்கு என்ன?" என்று கேட்டேன்.

"தெரியல சார். யாரும் வரல, யாரும் சொல்லல" என்றார் முதல் வீட்டுக்காரர். அவர் கையில் நாடா இருந்தது. "நின்னுடுச்சு. எங்களுக்கே தெரியாம எழுந்துட்டோம்."

அப்போது தெரு முனையில் பியூன் திரும்பி வருவது தெரிந்தது. போன வேகத்தில் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்.

எழுத்தர் உள்வரவுப் பதிவேட்டை என் முன்னால் விரித்தார். "கடிதம் வந்த தேதி போடணும் சார். இன்னைக்கு என்ன?"

சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். தை மாதம், பதினான்கு, செவ்வாய்க்கிழமை.